ஐந்தாவது படம்

நிழல் அந்தப் படச் சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்தார். பிறகு, பொத்தான் விற்கிற கடையில் தொங்கும் அட்டை மாதிரி இருக்கிறது என்று சொல்லி மேசைமேல் வைத்தார். மேடம் அதை நேராகத் திருப்பினார்.

துப்பறிகிறவரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். முன்பு ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தீ விபத்துகளை விசாரித்தவர். எரிந்த வீட்டில் எது எரியவில்லை என்று பார்ப்பதுதான் தன் தொழில் என்பார். நிழல் அவருடைய உதவியாளர். மேடத்தின் பின்னாலேயே நடப்பதால் வந்த பெயர் என்று நான் நினைத்திருந்தேன். அவரே திருத்தினார்.

"நான் முன்னாடி நின்னா பின்னாடி நாலு பேருக்கு வெயில் படாதுக்கா. அதான்."

என் தம்பி இறந்து ஒரு மழைக்காலம் போயிருந்தது. அவன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். தலைமுடியின் பருமனைவிடச் சிறிய உலோகத் தட்டுகளுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி, அது அங்கிருக்கும் காந்தத்தை எப்படி நகர்த்துகிறது என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுப்பது அவன் வேலை. ஒரு நாள் காலையில் அவனுடைய கட்டிடத்தின் லிஃப்டில் ஏறப்போன துப்புரவு ஊழியர், அதன் கூரையிலிருந்து ஏதோ சொட்டுவதைப் பார்த்தார். லிஃப்ட் தரைத்தளத்தில் நின்றது. தம்பி அதன் கூரைமேல் கிடந்தான். மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்திருந்தது.

தவறி விழுந்திருப்பான் என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். அதை மாற்றியது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அந்தக் கட்டிடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தரைத்தளத்தில் உள்ள நுண்ணோக்கியில் வேலை செய்ய உட்காருகிறவர் முதலில் லிஃப்டைத் தரைத்தளத்துக்கு வரவழைத்து, கதவு மூடாதபடி அந்த நாற்காலியை வாசலில் வைத்துவிடுவார். நாற்காலி இருக்கும்வரை லிஃப்ட் நகராது. மற்றவர்கள் படியேற வேண்டியதுதான். அன்று விடுமுறை. கட்டிடத்தில் இருந்தவர்கள் தம்பியும் அவனுடைய பேராசிரியரும் மட்டுமே. நாற்காலியை வைத்தவன் தம்பி. காலையில் ஊழியர் வந்தபோதும் நாற்காலி வைத்த இடத்திலேயே இருந்தது.

ஆக, லிஃப்ட் கீழே நிற்கிறது என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். தெரிந்தே மூன்று மாடி ஏறி, பூட்டு தேய்ந்துபோன கதவை இழுத்துத் திறந்து, உள்ளே காலை வைத்திருக்கிறான். இதைத் தவறி விழுந்ததாக எழுத முடியாதும்மா என்று போலீஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஆராய்ச்சி சரியாக வராததால் பையன் மனமுடைந்திருந்தான் என்று பேராசிரியரும் எழுதிக் கொடுத்திருந்தார்.

என்ன குறை வைத்தோம் என்று அம்மா ஒரே ஒரு முறை கேட்டாள். அதன் பிறகு அவள் பேசவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிடுவாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். மேடத்திடம் நான் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். தம்பி தானாகப் போனானா, இல்லையா?

சட்டத்தை எனக்குக் கொடுத்தவர் பேராசிரியர். தம்பிக்காக நடந்த அஞ்சலிக் கூட்டத்தில், கண்ணாடி போட்டு, கீழே அவன் பெயரைப் பொறித்து, என் கையில் கொடுத்தார். கருவி தானாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்படி வைத்துவிட்டு அவன் எழுந்து போயிருக்கிறான். அப்போது பதிந்தவை இவை. இந்தக் கடைசிப் படங்கள் தன் வாழ்நாள் கண்டுபிடிப்பை உறுதி செய்துவிட்டன என்று தழுதழுத்தார். நானும் அதை வாங்கி, தம்பியின் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தேன்.

வரிசையாக நான்கு படங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வட்டத் தட்டுகள். இடப்புறத் தட்டுக்கு மின்கம்பி உண்டு. அதன் நடுவில் வெள்ளைப் புள்ளி. வலப்புறத் தட்டுக்குக் கம்பி இல்லை. அதன் நடுவில் கருப்புப் புள்ளி. முதல் படத்தில் இரண்டு புள்ளிகளும் நட்ட நடுவில் இருந்தன. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் வெள்ளை சற்று இடப்பக்கம் போயிருந்தது, கருப்பு சற்று வலப்பக்கம். நான்காவதில் இரண்டும் நடுவுக்குத் திரும்பியிருந்தன. ஒரு தட்டில் பாய்ச்சிய மின்சாரம் கம்பியே இல்லாத பக்கத்துத் தட்டையும் அசைக்கும் என்பதுதான் பேராசிரியரின் கண்டுபிடிப்பு.

ஒரு நாள் தூசி துடைக்கும்போதுதான் எனக்குத் தம்பி சாப்பாட்டு மேசையில் சொன்னது நினைவுக்கு வந்தது. குளத்தில் நீர் சுழல்வது போல ஒவ்வொரு தட்டிலும் காந்தம் சுழன்று நிற்கும், அந்தச் சுழலின் கண்தான் புள்ளி என்றான். வலமாகச் சுற்றினால் வெள்ளை, இடமாகச் சுற்றினால் கருப்பு. பிறகு இரண்டு டம்ளர்களை நகர்த்திக் காட்டினான்.

"மின்சாரம் கூட்டத்தைத் தள்ளுற போலீஸ் மாதிரிக்கா. வெள்ளை, கருப்பு எல்லாத்தையும் ஒரே பக்கமாத் தள்ளும். ஆனா பக்கத்துல ஏதாவது இரும்பு அசைஞ்சதுன்னு வச்சுக்கோ, அது பாகம் கேட்டு வர்ற பங்காளி மாதிரி. வெள்ளையை ஒரு பக்கமும் கருப்பை ஒரு பக்கமும் இழுத்து வீட்டை ரெண்டாக்கிடும். எங்க சாரோட பெரிய படத்துலயே இந்தப் பங்காளிச் சண்டைதான் தெரியுது. அவர்கிட்ட சொல்லித்தான் ஆகணும்."

சொல்லும்போதே யாரோ மேசையை இடித்து ஒரு டம்ளர் கவிழ்ந்தது. அவன் முகம் மாறியதைப் பார்த்து அம்மா சிரித்தாள். சின்ன வயதில் அவன் சீட்டுகளை அடுக்கி வீடு கட்டுவான். யாராவது இடித்துவிட்டால், மேசையை யாரு ஆட்டினது என்று கத்திக்கொண்டு, எழுந்த வேகத்தில் வீடு முழுக்கத் துரத்துவான். வளர்ந்தும் அது மட்டும் போகவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, சட்டத்திலும் வெள்ளை ஒரு பக்கம், கருப்பு மறுபக்கம் போயிருப்பதை விரலால் காட்டி, மேடம் இரண்டு கேள்விகள் கேட்டார். அந்த அறைக்குப் பக்கத்தில் பெரிய இரும்பு என்ன இருக்கிறது? கருவி நான்கு படங்கள்தான் எடுத்ததா? எனக்கு இரண்டுக்கும் பதில் தெரியவில்லை. அடுத்த விடுமுறை நாளில் நேரில் போய்ப் பார்ப்போம் என்றார். அன்று கிளம்பும்போது நிழலிடம் மூலையில் இருந்த பயணப்பையைக் காட்டினார். நிழல் அதைத் தூக்கியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"மேடத்தோட மனசாட்சி. இவ்வளவு கனமா இருக்கும்னு நானும் நினைக்கலக்கா."

கட்டிடம் அன்றும் விடுமுறையில் இருந்தது. பகல் வெளிச்சம் வாசலோடு நின்றுவிட, நடைபாதை சுரங்கம் போல உள்ளே போனது. நுண்ணோக்கி அறைக்கு எதிரே சுவரில் பேராசிரியரின் பெரிய படம் மாட்டியிருந்தது. வரிசை வரிசையாகத் தட்டுகள். மேடம் அதன் முன் நின்றார். நிழல் எட்டிப் பார்த்து, கல்யாண போட்டோ மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தார்: மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் ஒரு பக்கம், பெண் வீட்டார் எல்லோரும் மறுபக்கம், நடுவில் பேச்சுவார்த்தையே கிடையாது. அப்போதுதான் நானும் கவனித்தேன். வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் இடப்பக்கம் போயிருந்தன. கருப்பு எல்லாம் வலப்பக்கம்.

மேடம் அறையின் பக்கச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் வெற்றிடம். அங்கேதான் லிஃப்ட் ஓடியது.

பேராசிரியர் படியிறங்கி வந்தார். மெல்லிய குரல், சுத்தமான கைகள். என்னை வாங்கம்மா என்று அழைத்து, அம்மாவின் உடல்நிலையைப் பரிவோடு விசாரித்தார். தம்பி உட்கார்ந்து வேலை செய்த இடத்தை இந்த அக்காவுக்கு ஒருமுறை காட்ட வேண்டும், அதற்காகத்தான் வந்தோம் என்று மேடம் சொன்னார். அவர் உடனே ஒப்புக்கொண்டார். அறைக்குள் போகும்முன், யோசிக்காமலே பொத்தானை அழுத்தி லிஃப்டை வரவழைத்து, மூலையில் இருந்த சிவப்பு நாற்காலியை இழுத்து அதன் வாசலில் வைத்தார். லிஃப்டுக்குள் விளக்கு இல்லை. கதவுக்கு அப்பால் இருட்டு ஒரு பெட்டியாக நின்றது.

நாற்காலி எதற்கு என்று மேடம் கேட்டார். பேராசிரியர் சிரித்தார்.

"மாணவர்களோட மூடநம்பிக்கை. லிஃப்ட் நகர்ந்தா படம் கெட்டுப்போகும்னு யாரோ கிளப்பிவிட்டாங்க. அவ்வளவு தூரத்துல இருக்கிற இரும்பு இந்தத் தட்டுகளை ஒண்ணும் செய்யாது. இருந்தாலும் பசங்க மனசு நோகக்கூடாதுன்னு நானும் வைக்கிறேன்."

உள்ளே போகிறவர்கள் சாவி, கைக்கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் வாசலில் உள்ள தட்டில் கழற்றி வைக்க வேண்டும். நிழல் தன் பெல்ட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இதைக் கழற்றினால் வழக்கு வேறு பிரிவில் போய்விடும், நான் பையோடு வெளியிலேயே இருந்துகொள்கிறேன் என்றார். பேராசிரியர்கூடச் சிரித்துவிட்டார்.

செருப்பையும் மாற்ற வேண்டியிருந்தது. அந்த அறைக்குள் மட்டும் போட்டுக்கொள்ளும் நீல ரப்பர் செருப்புகள் வரிசையாக இருந்தன. தம்பியின் காலில் இருந்தது இப்படி ஒரு ஜோடிதான். அவனுடைய ஷூ இதே இடத்தில் கிடந்ததாகச் சொன்னார்கள். சாகப் போகிறவன் செருப்பையா பார்ப்பான் என்று போலீஸ் அதை விட்டுவிட்டது. மேடம் குனிந்து ஒரு செருப்பை எடுத்து, எவ்வளவு லேசாக இருக்கிறது என்பது போலக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

அறை குளிர்ந்திருந்தது. கூரைவரை நின்ற கருவி மெதுவாக முனகிக்கொண்டிருந்தது. திரையில் அதே இரண்டு தட்டுகள், வெள்ளைப் புள்ளி, கருப்புப் புள்ளி. பேராசிரியர் மின்சாரத்தைச் செலுத்தினார். வெள்ளைப் புள்ளி, யாரோ விரலால் தள்ளியது போல, ஒரு பக்கமாக வழுக்கிப் போனது. நிறுத்தினார். அது நடுவுக்குத் திரும்பியது. இவ்வளவு அழகான ஒன்றைப் பார்க்கத்தான் அவன் தினமும் ஓடி வந்தான் என்று நினைத்துக்கொண்டேன். கருப்புப் புள்ளி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

கம்பி இல்லாதது அசையவே இல்லையே என்று மேடம் கேட்டார். எல்லா நேரமும் அசையாது, அதனால்தான் அந்தக் கடைசிப் படங்கள் அபூர்வமானவை என்றார் பேராசிரியர். அந்த வரிசையில் ஐந்தாவது படம் இருந்ததா என்று மேடம் கேட்டபோது, அவர் சற்றுத் தாமதித்து, இருந்தது, ஆனால் கெட்டுப்போன படம் என்றார். பார்க்க வேண்டும் என்று மேடம் கேட்டதும் மறுக்க முடியாமல் திறந்து காட்டினார். புள்ளிகள் நடுவில்தான் இருந்தன. ஆனால் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்தது, கை நடுங்கி எடுத்த போட்டோ போல. யாரோ கதவை அறைந்து சாத்தியிருப்பார்கள் என்றார்.

"யாரோன்னா? அன்னைக்கு உங்க ரெண்டு பேரைத் தவிர யார் இருந்தா?"

காற்றாக இருக்கும் என்றார் அவர். மேடம் தலையசைத்துவிட்டு, மின்சாரக் கம்பியை முழுக்கப் பிடுங்கிவிட முடியுமா, புள்ளிகள் சும்மா இருக்கும்போது எப்படி இருக்கும் என்று இந்த அக்கா பார்க்கட்டும் என்றார். பேராசிரியர் கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். நாங்கள் மூவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கருவியின் முனகல் மட்டும் கேட்டது.

அப்போது வெள்ளைப் புள்ளி நகர்ந்தது. மிகக் கொஞ்சம், இடப்பக்கமாக. கருப்புப் புள்ளி வலப்பக்கம் விலகியது.

பேராசிரியர் பாதி எழுந்துவிட்டார்.

"லிஃப்டை யார் எடுத்தது?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. பிடுங்கிய கம்பி இன்னும் அவர் கையில் இருந்தது. மெதுவாக உட்கார்ந்தார். நானும் எழுந்து கதவருகே போயிருந்தேன் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

"நிழல்தான் எடுத்தார்," என்றார் மேடம். "நாற்காலியை நகர்த்திட்டு மூணாவது மாடிக்குப் போயிருக்கார். நீங்க உட்காருங்கக்கா. மேலே போகாதீங்க. மேலே வரவைக்கத்தான் லிஃப்டை அசைக்கிறது."

மேடம் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பேசிக்கொண்டே போனார். லிஃப்ட் நகர்ந்தால் இந்தக் கட்டிடத்தில் அது யாருக்குத் தெரியும்? இந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும். அவன் என்ன செய்வான்? ஷூவைக்கூட மாற்றாமல், யார் எடுத்தது என்று கேட்டுக்கொண்டே படியேறி ஓடுவான். அன்று லிஃப்ட் அசைந்தது அவனுக்காக அடித்த அழைப்பு மணி.

திரையில் புள்ளிகள் மெல்ல நடுவுக்குத் திரும்பின.

"இப்ப லிஃப்ட் காலியா இறங்கிடுச்சு. உள்ளே பொத்தானை அழுத்திட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினா போதும், தானா இறங்கும். இதுவரைக்கும் நாலு படம். நீங்க சட்டம் போட்டுக் கொடுத்த அதே நாலு." அவர் என் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்தது. "அக்கா, நீங்க கொஞ்சம் கண்ணை மூடிக்குங்க."

நான் மூடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், மேலிருந்து ஏதோ ஒன்று விழுந்தது. தொம் என்று ஒரு சத்தம். கனமான, ஈரமான சத்தம். திரையில் எல்லாம் நடுங்கி, ஒவ்வொரு புள்ளியும் இரண்டானது. பிறகு அடங்கியது.

நிழல் தூக்கி வந்த பைக்குள் ஈர மணல் இருந்தது என்று எனக்கு அப்புறம்தான் சொன்னார்கள்.

பேராசிரியர் கம்பியை மேசைமேல் வைத்தார். இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. மேடம்தான் கேட்டார், சுவரில் மாட்டிய அந்தப் பெரிய படம் லிஃப்ட் செய்த வேலை என்று பையன் உங்களிடம் சொன்னது எப்போது என்று. ஒரே ஒரு சந்தேகம் என்றார் மேடம் மறுபடியும். இந்தப் படங்களை அழித்திருக்கலாமே? எதற்காகச் சட்டம் போட்டு, செத்தவனுடைய வீட்டுக்கே கொடுத்தீர்கள்?

மேடமே சொன்னார்.

"இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க உலகத்துலயே ரெண்டு பேர்தான்னு நினைச்சிருக்கீங்க. ஒருத்தர் செத்துட்டார்."

கதவு திறந்தது. நிழல் மூச்சிரைக்க நின்றார். மூன்று மாடியும் படியிறங்கி வந்திருந்தார், ஏனென்றால் லிஃப்ட் கீழே இருந்தது. உள்ளே வராமலே, நாற்காலியைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டேன் மேடம் என்றார். அவர் குரலில் அப்போது விளையாட்டு இல்லை. "எல்லாம் முடிஞ்சப்புறம் அதையும் ஒருத்தர் இறங்கி வந்து வைக்கணும் இல்ல? மேலே கிடக்கிறவனைத் தலைக்கு மேல வச்சுக்கிட்டு. என்னால மணல் பைக்கே முடியல."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். அன்று அஞ்சலிக் கூட்டத்தில் பார்த்த அதே பரிவு அந்த முகத்தில் இன்னும் இருந்தது. அதுதான் இன்றுவரை என்னைப் பயமுறுத்துகிறது.

"ஒரு தடவையாவது அவன் நிதானமா நடந்து வந்திருக்கலாம்," என்றார். "அந்தக் கதவுகிட்ட நின்னு, ஒரு நிமிஷம் உள்ளே பார்த்திருக்கலாம். அப்ப நான் தொட்டிருந்தாலும் விழுந்திருக்க மாட்டான். லேசாத்தான் தொட்டேன்."

மேடம் போலீசுக்குப் பேசினார். அவர்கள் வரும்வரை நிழல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அவர் நின்றால் வேறு கதவு தேவையில்லை. பேராசிரியர் அவர்களோடு கிளம்பினார். நடந்து போகும்போது நடைபாதையில் தன் பெரிய படத்தை ஏறிட்டுப் பார்க்காமல் போனார்.

நான் நீல ரப்பர் செருப்போடுதான் வெளியே வந்தேன். மாற்றத் தோன்றவில்லை. வாசலில் நின்று வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா எடுத்தாள், வழக்கம்போலப் பேசாமல் காதில் வைத்துக்கொண்டாள். அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. தட்டும் புள்ளியும் லிஃப்டும் அவளுக்கு எதற்கு?

"அம்மா, அவன் சாகப் போகலம்மா. கோபத்தோட ஓடியிருக்கான்."

பிறகு, ஒரு மழைக்காலம் முழுக்கக் கேட்காத அந்தக் குரல் கரகரவென்று வந்தது.

"மேசையை யாரு ஆட்டினது?"